நிரல் வழியே உள் லோட் பேலன்சர்: புதிதாக வருபவர்களுக்கு ஒரு விளக்கம்

கல்யாண மண்டபத்தில் பந்தி நடக்கும்போது சமையற்கட்டு வாசலைக் கவனித்திருக்கிறீர்களா? பரிமாறுகிறவர்கள் வாளியோடு ஓடி வந்து "சாம்பார்" என்று குரல் கொடுப்பார்கள். அங்கே ஒருவர் நின்றுகொண்டிருப்பார். எந்த அண்டாவில் சாம்பார் இருக்கிறது, எது காலி என்பது அவருக்குத் தெரியும். "அந்தப் பக்கம் போங்கள்" என்று கை காட்டுவார், அவ்வளவுதான். வாளியை அவர் தூக்குவதில்லை, சாம்பாரைத் தொடுவதும் இல்லை. இலையில் உட்கார்ந்திருக்கும் விருந்தாளிக்கு இப்படி ஓர் ஆள் உள்ளே நிற்பதே தெரியாது. மண்டப வாசலில் பன்னீர் தெளித்து வரவேற்பவர் வேறு.

கிளவுடில் உள் லோட் பேலன்சர் என்று சொல்வது சமையற்கட்டு வாசலில் நிற்கும் அந்த ஆளைத்தான். இணையத்திலிருந்து வரும் வாடிக்கையாளரை எதிர்கொள்வது வெளி லோட் பேலன்சர். நம்முடைய சர்வர்கள் தங்களுக்குள் ஒன்றையொன்று கூப்பிடும்போது, எந்த அழைப்பு எந்தச் சர்வருக்குப் போக வேண்டும் என்று வழிகாட்டுவது உள் லோட் பேலன்சர். இந்தக் கட்டுரையில் மைக்ரோசாஃப்டின் அஸூர் கிளவுடையும், கிளவுட் அமைப்புகளை நிரலாக எழுதி உருவாக்க உதவும் டெராஃபார்ம் என்ற கருவியையும் வைத்து விளக்குகிறேன். மற்ற கிளவுட்களில் பெயர்களும் சில நடத்தைகளும் மாறும். அடிப்படை எண்ணம் ஒன்றுதான்.

ஒரு துணிக்கடையின் இணைய விற்பனைத் தளத்தை எடுத்துக்கொள்வோம். பக்கங்களைக் காட்டும் இணையச் சர்வர்கள் இரண்டு. ஆர்டர்களைக் கணக்கிடும் செயலிச் சர்வர்கள் மூன்று. எல்லாமே கிளவுடில் வாடகைக்கு எடுத்த மெய்நிகர் கணினிகள். செயலிச் சர்வர்களின் முகவரிகள் 10.20.2.11, 10.20.2.12, 10.20.2.13. இணையச் சர்வரின் அமைப்புக் கோப்பில் நேரடியாக 10.20.2.11 என்று எழுதிவிட்டால் என்ன ஆகும்? அந்த ஒரு கணினி நின்றால் கடையே நிற்கும், மற்ற இரண்டும் சும்மா ஓடிக்கொண்டிருக்கும். மூன்று முகவரிகளையும் எழுதி வைத்தால், நான்காவது கணினியைச் சேர்க்கும் ஒவ்வொரு முறையும் எல்லா இணையச் சர்வர்களையும் திருத்த வேண்டும். அதனால் மூன்றுக்கும் முன்னால் 10.20.2.100 என்ற ஒரே முகவரியை வைக்கிறோம். இணையச் சர்வருக்கு அது மட்டும் தெரிந்தால் போதும்.

இந்த 10 என்று தொடங்கும் முகவரிகள் தனிப்பட்ட வலையமைப்புகளுக்கென்று ஒதுக்கப்பட்டவை. 1996இல் வெளியான ஆர்எஃப்சி 1918 என்ற ஆவணம் 10இல் தொடங்குபவை, 172.16 முதல் 172.31 வரை உள்ளவை, 192.168இல் தொடங்குபவை ஆகிய மூன்று தொகுதிகளை இப்படி ஒதுக்கியது. இணையத்தில் இந்த முகவரிகளுக்கு வழியே கிடையாது. உள் லோட் பேலன்சரின் முகவரி இவற்றில் ஒன்றாக இருப்பதால், வெளியே இருக்கும் யாரும் நேரடியாக வந்து கதவைத் தட்ட முடியாது.

புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் கேட்கும் கேள்வி: "அந்த லோட் பேலன்சர் எந்தக் கணினியில் ஓடுகிறது?" பழைய தரவு மையங்களில் இதற்கென்றே ஒரு பெட்டி இருக்கும். விலை அதிகம், அது பழுதானால் எல்லாம் நின்றுவிடும் என்று இணையாக இன்னொரு பெட்டியும் வாங்கி வைப்பார்கள். அஸூரில் அப்படித் தனிப் பெட்டி எதுவும் உங்களுக்காக ஒதுக்கப்படுவதில்லை. 2013இல் சிக்காம் என்ற கணினி வலையமைப்பு ஆய்வு மாநாட்டில் மைக்ரோசாஃப்ட் பொறியாளர்கள் ஓர் ஆய்வுக் கட்டுரையில் தங்கள் மென்பொருள் லோட் பேலன்சரை விவரித்தார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் அனந்தா, முடிவில்லாதது. வேலையின் பெரும்பகுதியை ஒவ்வொரு மெய்நிகர் கணினியும் ஓடும் இயந்திரத்துக்கே பிரித்துக் கொடுத்துவிடுவதுதான் அதன் சாரம். அதனால் லோட் பேலன்சர் என்று நாம் உருவாக்குவது உண்மையில் ஒரு விதித் தொகுப்பு. இந்த முகவரிக்கு வருவதை இந்தக் கணினிகளுக்குள் பிரித்துக் கொடு என்று சொல்லும் சில வரிகள். விதிகளால் மட்டுமே ஆன ஒன்றை எழுத்தில் வைத்து நிர்வகிப்பதைவிடப் பொருத்தமான வழி எனக்குத் தெரியவில்லை.

நான்கு உறுப்புகள்

உறுப்புகள் நான்குதான். முதலாவது முகப்பு முகவரி, நம் கதையில் 10.20.2.100. இரண்டாவது பின்னணிக் குழு: வேலை செய்யும் கணினிகளின் பட்டியல். மூன்றாவது நலச் சோதனை: குழுவில் யார் பிழைத்திருக்கிறார்கள் என்று இடைவிடாமல் தட்டிப் பார்ப்பது. நான்காவது விதி: முகப்பின் 80ஆம் போர்ட்டுக்கு (போர்ட் என்பது ஒரு முகவரியில் ஒவ்வொரு சேவைக்கும் உள்ள வாசல் எண்) வருவதைக் குழுவின் 8080ஆம் போர்ட்டுக்கு அனுப்பு என்பதுபோல மற்ற மூன்றையும் சேர்த்துக் கட்டுவது.

முகப்பு முகவரியைப் பற்றி ஒன்றைச் சொல்ல வேண்டும். டெராஃபார்மில் லோட் பேலன்சரை எழுதும்போது, இது உள் வகையா வெளி வகையா என்று கேட்கும் தனி இடம் கிடையாது. முகப்புப் பகுதியில் ஒரு சப்நெட்டின், அதாவது நம் வலையமைப்பின் ஓர் உட்பிரிவின், அடையாளத்தைக் கொடுத்தால் அது உள் வகை. அதற்குப் பதிலாகப் பொது ஐபி (இணையத்திலிருந்து எட்டக்கூடிய முகவரி) ஒன்றின் அடையாளத்தைக் கொடுத்தால் வெளி வகை. அந்த ஒரே வரிதான் சமையற்கட்டு வாசலையும் மண்டப வாசலையும் பிரிக்கிறது. மற்றவர்கள் எழுதிய நிரலைச் சரிபார்க்கும்போது நான் முதலில் தேடுவது இந்த வரியை.

அதே பகுதியில் முகவரி ஒதுக்கீடு நிலையானதா, தானாக அமைவதா என்றும் குறிப்பிடலாம். நிலையானது என்று எழுதி, முகவரியையும் எழுதிவிடுங்கள். தானாக அமைய விட்டால், என்றாவது லோட் பேலன்சரை அழித்து மறுபடி உருவாக்க நேரும்போது வேறு முகவரி வரக்கூடும். இணையச் சர்வர்களோ பழைய முகவரியையே கூப்பிட்டுக்கொண்டிருக்கும். முகவரியைத் தேர்ந்தெடுக்கும்போது, அஸூர் ஒவ்வொரு சப்நெட்டிலும் முதல் நான்கையும் கடைசி ஒன்றையும் தனக்கென எடுத்துக்கொள்ளும் என்பதை நினைவில் வையுங்கள். 256 முகவரிகள் கொண்ட சப்நெட்டில் நமக்கு 251தான். நாம் பயன்படுத்தக்கூடிய முகவரிகளின் கடைசி எண் 4இலிருந்து தொடங்கும்.

பிரித்துக் கொடுப்பது எப்படி நடக்கிறது? இங்கே பந்தி உவமை சற்றுத் தவறும். சமையற்கட்டு ஆள் கூட்டம் பார்த்து அனுப்புவார். அஸூர் லோட் பேலன்சர் கூட்டம் பார்ப்பதில்லை. வரும் இணைப்பின் மூல முகவரி, மூல போர்ட், சேருமிட முகவரி, சேருமிட போர்ட், நெறிமுறை ஆகிய ஐந்தையும் ஒரு கணக்கில் போட்டு, கிடைக்கும் விடையை வைத்து ஒரு கணினியைத் தேர்ந்தெடுக்கிறது. ஓர் இணைப்பு ஒரு கணினிக்குப் போய்விட்டால், அந்த இணைப்பு முடியும்வரை அங்கேயேதான். இதன் விளைவு பலரைக் குழப்பும். இணையச் சர்வர்கள் நான்கைந்து இணைப்புகளைத் திறந்து வைத்துக்கொண்டு, அவற்றின் வழியாகவே ஆயிரக்கணக்கான கோரிக்கைகளை அனுப்பும் பழக்கம் உள்ளவை. அப்போது ஒரு செயலிச் சர்வர் திணறும், இன்னொன்று காற்று வாங்கும். லோட் பேலன்சர் பழுதாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். அது இணைப்புகளைத்தான் பிரிக்கிறது, கோரிக்கைகளை அல்ல.

சமையற்கட்டு ஆள் வாளியைத் தூக்குவதில்லை என்று சொன்னேன் அல்லவா, அந்தப் பகுதி மட்டும் அப்படியே பொருந்தும். அஸூர் லோட் பேலன்சர் இணைப்பை இடையில் வாங்கி மறுபடி அனுப்பும் ப்ராக்ஸி அல்ல. செயலிச் சர்வருக்கு வந்து சேரும் தரவுப் பொட்டலத்தில் இணையச் சர்வரின் உண்மையான முகவரியே இருக்கும். அதனால் செயலிச் சர்வரின் பாதுகாப்பு விதிகளில் இணையச் சர்வர்களின் சப்நெட்டை அனுமதிக்க வேண்டும். 10.20.2.100ஐ அனுமதித்துவிட்டு, ஏன் எதுவும் வரவில்லை என்று காத்திருக்கும் புதியவர்கள் ஏராளம்.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை

நான் முன்பு வேலை செய்த ஓர் இடத்தில் நடந்தது இது. அங்கே அப்போது லோட் பேலன்சர்களை எல்லாம் கிளவுடின் இணையப் பக்கத்தில் நுழைந்து கையால்தான் அமைத்திருந்தார்கள். மாலை ஐந்து மணிக்கு மேல் ஆர்டர் பக்கம் திறக்கவில்லை என்று புகார் வந்தது. மூன்று செயலிச் சர்வர்களும் ஓடிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றிலும் உள்ளே நுழைந்து செயலியைக் கூப்பிட்டுப் பார்த்தோம், உடனே பதில் வந்தது. வெளியே வந்து லோட் பேலன்சரின் முகவரியைக் கூப்பிட்டோம், ஒன்றும் இல்லை. பிழைச் செய்திகூட இல்லை, வெறும் மௌனம். பாதுகாப்பு விதிகளைப் பார்த்தோம், தரவுத்தளத்தைப் பார்த்தோம், கணினிகளை ஒவ்வொன்றாக மறுதொடக்கம் செய்தோம். ஏறக்குறைய இரண்டு மணி நேரம் கழித்து ஒரு தோழி நலச் சோதனைப் பக்கத்தைத் திறந்தார். "ஹெல்த்" என்று இருக்க வேண்டிய சோதனைப் பாதை, வெறும் சாய்கோடாக இருந்தது.

அன்று மதியம் யாரோ அமைப்புகளைச் சீர்செய்யும்போது இரண்டும் ஒன்றுதான் என்று நினைத்து மாற்றியிருந்தார்கள். செயலியின் முதல் பக்கமோ, வருகிறவரை உள்நுழைவுப் பக்கத்துக்குத் திருப்பிவிடும். அந்தத் திருப்பலின் விடை எண் 302. அஸூரின் எச்டிடிபி நலச் சோதனைக்கு 200 ஒன்றுதான் ஆரோக்கியம். 301, 302 எல்லாம் நோய். ஆக, நன்றாக ஓடிக்கொண்டிருந்த மூன்று சர்வர்களையும் லோட் பேலன்சர் படுத்துவிட்டவை என்று தீர்மானித்து, புதிய இணைப்புகளை நிறுத்திவிட்டது. ஏற்கெனவே திறந்திருந்த இணைப்புகள் தொடர்ந்து ஓடியதால், மதியம் செய்த மாற்றத்தின் பாதிப்பு உடனே வெளிப்படவில்லை. யார்மீதும் குற்றம் சொல்வதற்காக இதை எழுதவில்லை. அந்தப் பக்கத்தில் அந்த ஒரு கட்டத்தைப் பார்த்தால் எனக்கும் அது சரியாகத்தான் தோன்றியிருக்கும். முன்பு என்ன இருந்தது, ஏன் இருந்தது என்று சொல்ல அங்கே எதுவும் இல்லை.

நிரல் என்ன மாற்றுகிறது

டெராஃபார்ம் 2014இல் ஹாஷிகார்ப் நிறுவனம் வெளியிட்ட கருவி. 2023 ஆகஸ்டில் அதன் உரிம விதிகள் மாற்றப்பட்டபோது, பழைய உரிமத்தில் இருந்த பதிப்பிலிருந்து கிளைத்து ஓப்பன்டோஃபு என்ற கருவி உருவாகி, லினக்ஸ் அறக்கட்டளையின் கீழ் வளர்கிறது. இங்கே சொல்பவை இரண்டுக்கும் பொருந்தும். அஸூருக்கு மட்டும் எழுதுபவர்கள் மைக்ரோசாஃப்டின் பைசெப் மொழியையும் பயன்படுத்துவார்கள்.

"முதலில் இதைச் செய், பிறகு அதைச் செய்" என்று கட்டளைகளை வரிசையாக எழுதுவது ஒரு முறை. டெராஃபார்மில் அப்படி எழுதுவதில்லை. கடைசியில் என்னென்ன இருக்க வேண்டும் என்று விவரிக்கிறோம்: இந்தப் பெயரில் ஒரு லோட் பேலன்சர், இந்த முகப்பு முகவரி, இந்தக் குழு, இந்தச் சோதனை, இந்த விதி. இப்போது கிளவுடில் இருப்பதற்கும் நாம் எழுதியதற்கும் என்ன வித்தியாசம் என்று கருவியே கணக்குப் போட்டு, வித்தியாசத்தை மட்டும் செய்யும். மாற்றத்தைச் செய்வதற்கு முன்பே அந்தக் கணக்கை நம்மிடம் காட்டும். அதற்குப் பெயர் பிளான். இந்த முறையில் நான் மிகவும் மதிப்பது அதைத்தான்.

பிளானில் கூட்டல் குறி இருந்தால் புதிதாக உருவாகும். கழித்தல் இருந்தால் அழியும். ~ குறி இருந்தால் இருக்கும் இடத்திலேயே மாறும். -/+ என்று சேர்ந்து வந்தால், அழித்துவிட்டு மறுபடி உருவாக்கப்படும். இந்தக் கடைசிக் குறியைக் கண்டால் கையை நிறுத்துங்கள். லோட் பேலன்சரின் பெயரில் ஓர் எழுத்தை மாற்றினால்கூட இந்தக் குறி வரும், ஏனென்றால் அஸூரில் இருக்கும் ஒன்றுக்கு வேறு பெயர் வைக்க முடியாது. அழகுக்காகப் பெயரைத் திருத்தப் போய், வேலை நேரத்தில் லோட் பேலன்சரே சில நிமிடங்கள் இல்லாமல் போகும். முக்கியமான வளங்களுக்கு (லோட் பேலன்சர்போல நிரலில் எழுதி உருவாக்கும் ஒவ்வொன்றும் ஒரு வளம்), அழிப்பதைத் தடுக்கும் ஒரு வரியையும் நிரலில் சேர்க்கலாம். அப்போது அழிக்க வேண்டிய பிளானைக் கருவி ஏற்க மறுத்துவிடும்.

அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு நாங்கள் எல்லாவற்றையும் நிரலுக்குக் கொண்டுவந்தோம். ஏற்கெனவே இருந்த லோட் பேலன்சர்களை அழிக்கத் தேவையில்லை. 2023இல் வந்த டெராஃபார்ம் 1.5 பதிப்பிலிருந்து, "ஏற்கெனவே இருக்கும் இந்த வளத்தை ஏற்றுக்கொள்" என்று நிரலுக்குள்ளேயே ஒரு பகுதியாக எழுத முடிகிறது. சில வாரங்களுக்குப் பிறகு மற்றொரு லோட் பேலன்சரில் யாரோ மறுபடி கையால் அதே பாதையை மாற்றியிருந்தார்கள். அடுத்த நாள் காலை, வேறு ஏதோ வேலைக்காக பிளான் ஓட்டியபோது திரையில் இந்த வரி வந்தது:

~ ரெக்வெஸ்ட்_பாத் = "/" -> "/ஹெல்த்"

இடப்பக்கம் கிளவுடில் இப்போது இருப்பது, வலப்பக்கம் இருக்க வேண்டியது. வெள்ளிக்கிழமை இரண்டு மணி நேரம் தேடிய விடை இப்போது ஒரே வரியில் இருந்தது. அந்த லோட் பேலன்சர் சோதனைச் சூழலுடையது என்பதால் அதுவரை யாரும் கவனித்திருக்கவில்லை. அதன் பிறகு, தினமும் அதிகாலையில் ஒரு முறை தானாக பிளான் ஓட்டி, எதிர்பாராத வித்தியாசம் ஏதாவது தெரிந்தால் செய்தி அனுப்பும்படி அமைத்தோம். நிரலில் அந்தப் பாதை எழுதியிருக்கும் வரிக்கு மேலே "முதல் பக்கம் 302 தரும், இதை மாற்றாதீர்கள்" என்று ஒரு குறிப்பும் சேர்த்தோம். கிளவுடின் இணையப் பக்கத்தில் அந்தக் கட்டத்துக்குப் பக்கத்தில் இப்படி ஒரு குறிப்பை எழுதி வைக்க இடமில்லை.

எங்கே இடறுவீர்கள்

நான்கு உறுப்புகளையும் எழுதி, பிளான் பார்த்து, அதைச் செயல்படுத்தும் அப்ளை கட்டளையைக் கொடுத்தால் பச்சை எழுத்தில் வெற்றி என்று வரும். ஆனாலும் எதுவும் ஓடாது. காரணம், பின்னணிக் குழு வெறும் பெயர்தான், அதில் இன்னும் யாரும் சேரவில்லை. ஒவ்வொரு மெய்நிகர் கணினியின் நெட்வொர்க் அட்டையையும் அந்தக் குழுவோடு இணைக்கும் தனி வளம் ஒன்று உண்டு. அதை எழுத மறந்தால் பிழை எதுவும் வராது, ஏனென்றால் ஆளில்லாத குழு அஸூரின் பார்வையில் தவறு அல்ல. உறுப்புகளை எழுதுவது சுலபம். உறுப்புகளுக்கு இடையிலான இணைப்புகளில்தான் தவறுகள் ஒளிந்துகொள்கின்றன. விதியில் சோதனையைக் குறிப்பிட மறந்துவிடுவதும் இதே வகை.

கணினிகள் மூன்று என்பதால் இணைப்பும் மூன்று முறை வேண்டும். அதற்கு டெராஃபார்மில் இரண்டு வழிகள். 0, 1, 2 என்று எண்ணி உருவாக்கும் கவுண்ட் ஒன்று, பெயர் வைத்து உருவாக்கும் ஃபார்ஈச் மற்றொன்று. புதியவர்கள் கவுண்டைத்தான் எடுப்பார்கள், படிக்க எளிதாக இருக்கும். ஒரு நாள் பட்டியலிலிருந்து முதல் கணினியை நீக்குவார்கள். அப்போது இரண்டாவது கணினி 0 ஆகும், மூன்றாவது 1 ஆகும். கருவியின் கண்ணுக்கு மூன்று இணைப்புகளுமே மாறிவிட்டன. எல்லாவற்றையும் பிரித்து மறுபடி கட்டப் பார்க்கும், குழு சிறிது நேரம் காலியாகக்கூடும். ஃபார்ஈச்சில் "செயலி-அ", "செயலி-ஆ" என்று பெயரோடு வைத்திருந்தால், நீக்கிய ஒன்று மட்டும் போகும், மற்றவை அசையாது. ஆரம்பத்திலேயே பெயர் வைத்து எழுதப் பழகுங்கள். கணினிகளின் எண்ணிக்கை தானாகக் கூடிக் குறைய வேண்டும் என்றால், தனித்தனிக் கணினிகளுக்குப் பதிலாக ஸ்கேல் செட் என்ற வகைக்குப் போகலாம். அதன் அமைப்பிலேயே குழுவைக் குறிப்பிட்டுவிட்டால், புதிதாகப் பிறக்கும் கணினி தானே குழுவில் சேர்ந்துகொள்ளும்.

அடுத்தது பாதுகாப்புக் குழு விதிகள், அதாவது எதை உள்ளே விடுவது, எதைத் தடுப்பது என்ற பட்டியல். நலச் சோதனை 168.63.129.16 என்ற முகவரியிலிருந்து வரும். அஸூரின் தரவு மையங்கள் உள்ள எல்லா வட்டாரங்களிலும் அதே முகவரிதான். இயல்பாகவே 65001 என்ற வரிசை எண்ணில் இதை அனுமதிக்கும் விதி ஒன்று இருக்கிறது. ஆனால் பாதுகாப்பில் அக்கறை உள்ள ஒருவர் 4096 என்ற எண்ணில் "மற்ற எல்லாவற்றையும் தடு" என்று ஒரு விதி எழுதுவார். சிறிய எண் முதலில் பார்க்கப்படும் என்பதால் சோதனையும் அங்கேயே தடுக்கப்படும், எல்லாச் சர்வர்களும் நோயாளியாகிவிடும். தடுக்கும் விதி எழுதினால், அதைவிடச் சிறிய எண்ணில் லோட் பேலன்சரை அனுமதிக்கும் விதியையும் அதே கோப்பில் பக்கத்திலேயே எழுதுங்கள்.

வெளி வழி அடைபடுவது எதிர்பாராத இடத்தில் வரும். ஸ்டாண்டர்ட் வகை உள் லோட் பேலன்சரின் குழுவில் சேர்ந்த கணினிக்குத் தனிப் பொது ஐபி இல்லையென்றால், அதுவரை அஸூர் இயல்பாகக் கொடுத்துவந்த இணைய வழி அடைபடும். நேற்றுவரை மென்பொருள் புதுப்பிப்பை இறக்கிக்கொண்டிருந்த சர்வர், குழுவில் சேர்ந்த நிமிடத்திலிருந்து இறக்க முடியாமல் தொங்கும். லோட் பேலன்சருக்கும் புதுப்பிப்புக்கும் என்ன சம்பந்தம் என்று யாருக்கும் தோன்றாது. அந்தச் சப்நெட்டுக்கு ஒரு நாட் கேட்வேயை, அதாவது உள்ளிருந்து இணையத்துக்குப் போக மட்டும் உதவும் வெளிவாசலை, வைப்பது முறையான தீர்வு. இதையும் அதே நிரலில் எழுதுங்கள். பேசிக் என்ற பழைய வகைக்கு இந்தத் தொல்லை இல்லை என்று பழைய குறிப்புகளில் படித்துவிட்டு அங்கே போய்விடாதீர்கள். அதற்கு 2025 செப்டம்பர் 30 கடைசி நாள் என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்து ஓய்வு கொடுத்துவிட்டது. ஸ்டாண்டர்ட் என்று வெளிப்படையாக எழுதுங்கள்.

இன்னொன்று, கண்டுபிடிக்கக் கடினமானது. செயலிச் சர்வர் ஒன்று, தன் குழுவின் முகப்பு முகவரியையே கூப்பிட்டால் சில நேரம் ஓடும், சில நேரம் ஓடாது. மூன்றில் ஒரு முறை அந்த அழைப்பு கூப்பிட்ட கணினிக்கே திரும்பி வருவதுதான் காரணம். 10.20.2.100க்கு அனுப்பிய பொட்டலம், தன்னிடமிருந்து தனக்கே வந்ததுபோல் வந்து சேரும். போனதற்கும் வந்ததற்கும் பொருத்தம் காணாமல் இயங்குதளம் அதைக் கைவிட்டுவிடும். இது மாற்றக்கூடிய அமைப்பு அல்ல, இந்த வகை லோட் பேலன்சரின் இயல்பு. ஒரே குழுவில் இருப்பவை ஒன்றையொன்று இந்த முகவரி வழியாகக் கூப்பிடாதபடி செயலியை அமைக்க வேண்டும்.

விதியில் எழுத வேண்டிய ஒரு சிறு அமைப்பையும் சொல்லிவிடுகிறேன். நான்கு நிமிடம் எதுவும் பேசாத இணைப்பை லோட் பேலன்சர் மறந்துவிடும், அதுதான் இயல்பு அளவு. மறந்ததை இரு பக்கத்துக்கும் சொல்லாது. இணைப்பைத் துண்டித்துவிட்டேன் என்று இரு பக்கத்துக்கும் அறிவிக்கும் டிசிபி ரீசெட் வசதியை ஒரே வரியில் இயக்கலாம். நீண்ட நேரம் திறந்திருக்கும் இணைப்புகள் உள்ள செயலிகளுக்கு அது பெரிய நிம்மதி.

நினைவுக் கோப்பு

தான் எதையெல்லாம் உருவாக்கினோம் என்பதை டெராஃபார்ம் ஒரு கோப்பில் எழுதி வைக்கும். அதற்கு ஸ்டேட் கோப்பு என்று பெயர். அது உங்கள் மடிக்கணினியில் மட்டும் இருந்தால், பக்கத்து இருக்கையில் இருப்பவர் அதே நிரலை ஓட்டும்போது கருவிக்கு எதுவுமே நினைவில் இருக்காது. எல்லாவற்றையும் புதிதாக உருவாக்கப் புறப்படும். அதனால் அந்தக் கோப்பை அஸூரின் சேமிப்பகத்திலேயே பொதுவாக வைப்பார்கள். ஒருவர் ஓட்டும்போது மற்றவர் ஓட்ட முடியாதபடி அங்கே பூட்டும் விழும். அந்தக் கோப்பில் கடவுச்சொற்கள் போன்றவை மறைக்கப்படாமல் கிடக்கலாம் என்பதால், யார் படிக்கலாம் என்பதில் கறாராக இருங்கள். நிரல் கோப்புகளோடு சேர்த்து, நிரலின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் களஞ்சியத்தில் ஒருபோதும் போடாதீர்கள்.

குழுவாக வேலை செய்யும் இடங்களில் ஒரு படி மேலே போவார்கள். கிளவுடில் மாற்றம் செய்யும் உரிமை தானியங்கி ஓட்டத்துக்கு மட்டும் இருக்கும், மனிதர்களுக்குப் பார்க்கும் உரிமை மட்டும். மாற்ற வேண்டும் என்றால் நிரலைத் திருத்தி, பிளானை இன்னொருவரிடம் காட்டி, அவர் ஒப்புக்கொண்ட பிறகுதான் ஓடும். அவசரத்துக்குக் கையால் மாற்றும் உரிமையை ஒருவரிடம் வைத்திருப்பதில் தவறில்லை. மாற்றியதை அன்றே நிரலிலும் எழுதிவிட வேண்டும், இல்லையென்றால் அடுத்த அப்ளை அந்த அவசரத் திருத்தத்தை அழித்துவிடும்.

வட்டாரத் தேர்வு பற்றியும் ஒரு வார்த்தை. அஸூரின் தென்னிந்திய வட்டாரம் சென்னையில் இருக்கிறது, மத்திய இந்திய வட்டாரம் புணேயில். ஒரே வட்டாரத்துக்குள் தனித்தனிக் கட்டடங்கள், தனித்தனி மின்வழிகள் என்று பிரிந்த மண்டலங்கள் புணேயில் உண்டு. அங்கே முகப்புப் பகுதியில் 1, 2, 3 என்று மூன்று மண்டலங்களையும் எழுதினால், ஒரு மண்டலம் விழுந்தாலும் முகப்பு முகவரி உயிரோடு இருக்கும். கணினிகளையும் மண்டலத்துக்கு ஒன்றாகப் பிரித்து வைக்க மறக்காதீர்கள். மூன்றும் ஒரே மண்டலத்தில் இருந்தால் முகவரி மட்டும் பிழைத்து என்ன பயன்?

செய்து பார்க்க விரும்புகிறவர்கள் இப்படித் தொடங்கலாம். சிறிய கணினிகள் மூன்று, ஒவ்வொன்றிலும் தன் பெயரை மட்டும் பதிலாகச் சொல்லும் ஒரு பக்கம். நலச் சோதனை இடைவெளி 5 விநாடி, அதற்குக் குறைவாக வைக்க முடியாது. அதே வலையமைப்பில், குழுவில் சேராத நான்காவது கணினியில் உட்கார்ந்து, 10.20.2.100ஐ விநாடிக்கு ஒரு முறை கூப்பிட்டுக்கொண்டே இருங்கள். மூன்று பெயர்களும் கலந்து கலந்து வரும். இப்போது ஒரு கணினியில் செயலியை நிறுத்துங்கள். சில விநாடிகள் அவ்வப்போது அழைப்பு தவறும், பிறகு இரண்டு பெயர்கள் மட்டும் தடையில்லாமல் வரும். மறுபடி இயக்குங்கள். நீங்கள் எதையும் தொடாமலே மூன்றாவது பெயர் வரிசையில் திரும்பி வந்து சேரும். பார்த்து முடித்ததும் டெஸ்ட்ராய் கொடுத்து எல்லாவற்றையும் கலைத்துவிடுங்கள், வாடகை ஏறிக்கொண்டிருக்கும். நாளை மறுபடி வேண்டுமென்றால் அதே கோப்பு இருக்கிறது.